வெறும் ரசஞ்சோறு

இந்த விவரத்தை நான் பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டே வந்திருக்கிறேன் என்பதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அப்பா இறந்த அன்று மத்தியானம் வெறும் ரசஞ்சோறுதான் சாப்பிட்டார் என்பது அந்த விவரம். சொன்னவள் என் தங்கை வனஜா. "மாத்திரைய நேரத்துக்குக் குடுத்தனுங்ணா. வெறும் ரசஞ்சோறுதான் சாப்டாரு. பாத்ரூம் வாசப்படிகிட்ட நின்னவரு நின்னாப்லயே விழுந்துட்டாரு." இதே வாக்கியங்கள், இதே வரிசை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் இப்படித்தான் சொன்னாள், கருமாதிக்கு வந்த சித்தப்பாவிடமும் இப்படித்தான், போன வருஷம் என் மகள் பேச்சுவாக்கில் தாத்தாவைப் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகன விபத்துகளை விசாரித்தவன். உண்மையைச் சொல்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வான். முதல் தடவை நாய் குறுக்கே வந்தது என்பான், அடுத்த தடவை அதன் நிறத்தைச் சொல்வான், அதற்கடுத்து அது நாய்தானா என்று அவனுக்கே குழப்பமாகிவிடும். வார்த்தை மாறாமல் சொல்கிறவனைத்தான் நான் மறுபடி ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். ஆனால் அது லாரி டிரைவர்களிடம் கற்ற பாடம். அப்பனைப் பறிகொடுத்த பெண்ணின் வாயில் வார்த்தைகள் உறைந்துபோவதற்கு வேறு காரணம் இருக்கக்கூடாதா. இருக்கலாம். இருக்கலாம் என்று நினைத்து விட்டுவிடுவேன், கொஞ்ச நாள் கழித்துப் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நாக்கு மறுபடி அங்கேயே போகும். இப்போது வனஜா என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறாள். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நாமக்கல்லிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவளை என் மனைவி பூங்கொடி சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து வைத்திருக்கிறாள். புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிறு. ஒரு மாசம் கவுச்சி இல்லாமல் இருந்த வீடு. உள்ளே நாட்டுக்கோழி அரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அது வேலை செய்வதற்காகக் காத்து.

அப்பாவுக்கு இருந்த அதே நடுக்குவாத நோய். அதே மாத்திரைதான், கம்பெனி மட்டும் வேறு. விழுங்கியதும் எதுவும் நடக்காது. வலது கை மடியில் கிடந்து, யாரோ தூக்கத்தில் ரூபாய் நோட்டு எண்ணுவது மாதிரி கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டிருக்கும். கால்கள் தரையில் இருக்கின்றன என்று கண் சொல்கிறது, அவ்வளவுதான். எழுந்திரு என்று நான் சொன்னால் அது கால்வரை போகாது. மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலில் ஏறி, ரத்தத்தில் கலந்து, மூளைக்கு வெளியே ஒரு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வாசல் வழியாகத்தான் அது உள்ளே போக முடியும். உள்ளே போன பிறகுதான் அது உடம்பை அசைக்கிற டோபமின் ஆகும், அதற்குப் பிறகுதான் நான் எழுந்து நிற்பேன். ஆனால் அதே வாசலில் நாம் தின்ற கறியும் முட்டையும் பருப்பும் உடைந்து உண்டான அமினோ அமிலங்கள் வந்து நிற்கின்றன. லியூசின், வேலின், டிரிப்டோபேன், டைரோசின். வயிறு நிறையக் கறி தின்றால் அந்தக் கூட்டம் வாசலை அடைத்துக்கொள்ளும், மாத்திரை வெளியே நிற்கும், மனிதன் நாற்காலியிலேயே கிடப்பான். இதில் எனக்குப் புரியாத கொடுமை ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் நிற்கிற டைரோசினிலிருந்துதான் மற்றவர்களுடைய மூளை டோபமினைச் செய்துகொள்கிறது. எனக்கு அதைச் செய்கிற உயிரணுக்கள் பெரும்பாலும் செத்துவிட்டன. அதனால் எனக்கு எதிலிருந்து உயிர் வர வேண்டுமோ அதுவே என் வழியில் நிற்கிறது. இதை முதலில் படித்தபோது பெரிதாக ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் இல்லை. மத்தியானம் வெறும் சோறு தின்கிறவனுக்கு அந்த வாசலில் டிரிப்டோபேன் சுலபமாக நுழைந்துவிடுமாம், அது செரடோனின் ஆகி ஆளை மந்தமாக அமைதிப்படுத்துமாம். அப்படியென்றால் என்னுடைய இந்த மரத்துப்போன தன்மை நோயா, மாத்திரையா, அல்லது தினம் தின்கிற ரசஞ்சோறுதானா. ஒரு மனிதன் தன் துக்கத்தைத் தட்டில் விழுகிற சாப்பாட்டிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பான்.

உள்ளே வெங்காயம் உரிக்கிறார்கள். பூங்கொடி, "ஏன் அம்மிணி, சம்பந்தி வீட்ல எல்லாரும் சாப்புடுவாங்களா, சைவமா?" என்கிறாள். "அதெல்லாம் நல்லாத் திம்பாங்க நங்கை. மாப்பிள்ளை பாக்க வந்தன்னைக்கே குழம்புல தலைக்கறி இல்லையான்னு கேட்டவங்க அவங்க." அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். வனஜாவின் சிரிப்பு அம்மாவின் சிரிப்பு, கடைசியில் கொஞ்சம் இருமலாக முடியும். அப்பா இதைக் கேட்டிருந்தால் உடனே தலைக்கறிக்குக் கணக்குப் போட்டிருப்பார், எத்தனை சதவீதம் புரதம் என்று. நாமக்கல்லில் கோழித்தீவன மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் கலவை பார்த்தவர். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், இவற்றோடு வெள்ளைப் பொடியாக மெத்தியோனின், லைசின். அமினோ அமிலம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி புழங்கிய வார்த்தை. மெத்தியோனின் குறைந்தால் கோழி ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும் என்பார். நானும் வனஜாவும் சின்ன வயதில் அடித்துக்கொண்டால், "ரெண்டுத்துக்கும் மெத்தியோனின் பத்தல" என்று அம்மாவிடம் சொல்லுவார். கோயமுத்தூரில் டாக்டர் அவருக்குப் பகலில் புரதம் வேண்டாம், கறி முட்டையெல்லாம் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப லைசினும் அதே வாசல்லதான் வருதுங்களா?" என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். லைசினுக்கு வேறு வாசல் என்று சொன்னார். அப்பாவுக்கு அதில் ஒரு திருப்தி. வெளியே வந்து காரில் ஏறும்போது, காலைத் தூக்கி வைக்க முடியாமல் நான் பிடித்து ஏற்றும்போது, "ஊர்க்கோழிக்கெல்லாம் அள்ளிப் போட்டேன், எனக்குப் போட வேண்டாங்கறாங்க பாரு" என்றார். அவர் முகம் அப்போதே முகமூடி மாதிரி ஆகியிருந்தது. அதனால் அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அன்று ராத்திரி நான்தான், அப்பாவைத் தன்னோடு வைத்திருந்த வனஜாவுக்குப் போன் போட்டு, பகலில் என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று சொன்னேன். அவள், "சரிங்ணா, சரிங்ணா" என்று கேட்டுக்கொண்டாள்.

ஆனால் வனஜா நம்பியது அதை அல்ல. அந்த வருஷம் புரட்டாசியில் அவள் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். வீடே விரதம். முட்டைத் தட்டுகள் அடுக்கிக் கிடக்கிற ஊரில் அந்த மாசம் முட்டை விலை சரியும். அவர்கள் வீட்டுக்குள் ஒரு முட்டை வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை அப்பா கைத்தடி இல்லாமல் தெருமுனைக் கடைவரை நடந்துபோய் வெற்றிலை வாங்கி வந்தார். வனஜா போனில் அழுதாள். "பெருமாள் கண்ணத் தொறந்துட்டாருங்ணா. தளிகை போட்டு கற்பூரம் காட்டறேன், அப்பா தானா எந்திரிச்சு நின்னு கும்புடறாரு." நான் சந்தோஷப்பட்டேன். வாசல் காலியாக இருந்தது, மாத்திரை உள்ளே போனது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். எதற்கு அவளுடைய பெருமாளைப் பிடுங்குவது என்று தோன்றியது, அல்லது எனக்கே அப்போது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை, அல்லது ஆபீஸில் இருந்தேன். புரட்டாசி முடிந்தது. முதல் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் எந்த வீட்டில் கறி எடுக்காமல் இருந்திருப்பார்கள். விரதம் முடிந்த வீட்டில், பெருமாள் குணப்படுத்திவிட்டார் என்று நம்புகிற மகள், ஒரு மாசமாக நன்றாக நடக்கிற அப்பாவுக்கு எல்லோருக்கும் கறிச்சோறு போட்டுவிட்டு வெறும் ரசஞ்சோறு போட்டிருப்பாளா. அவர் ரசஞ்சோறு மட்டும் தின்றிருந்தால், மாத்திரை நேரத்துக்குப் போட்டிருந்தால், அதற்கு முந்தின நாள்வரை நடந்தவர் வாசற்படியில் கால் ஒட்டி நின்றது ஏன். இந்த நோய்க்காரனுக்கு வாசற்படிதான் எமன், அது எனக்குத் தெரியும். நடு ஹாலில் நடந்து வருகிற கால், நிலைப்படியைப் பார்த்ததும் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். ஆனால் அது மாத்திரையின் வேகம் இறங்கிப்போன நேரத்தில் நடப்பது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், மாத்திரை முழுசாக வேலை செய்ய வேண்டிய நேரத்தில், அது நடக்கக்கூடாது. நடக்கக்கூடாது என்று ஒன்றும் இல்லை. நடக்கலாம். டாக்டரிடம் கேட்டேன், எப்போதாவது காரணமில்லாமல் மாத்திரை கைவிடும் என்றார். அந்தக் காரணமில்லாமல் என்ற வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அன்றைக்கு நான் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் துணி கட்டியிருந்தது. தங்கை மாப்பிள்ளை செங்கோட்டுவேலு என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது, அதனால்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அடுப்பு துடைத்திருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். விபத்தான வண்டிக்குள் தலையை விட்டுச் சாராய வாடை அடிக்கிறதா என்று பார்ப்பேனே, அந்த மாதிரி. ஒரு வாடையும் இல்லை. கோழி வறுத்த அடுப்படி எப்படிக் கழுவினாலும் அன்றைக்குள் வாடை போகாது. ஆக வறுக்கவில்லை. ஆக வனஜா சொல்வது நிஜம். தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த மூச்சின் பேரில் சில வருஷம் நிம்மதியாக இருந்தேன். பிறகு என் கை உரசத் தொடங்கியது. டாக்டர் என்னை உட்காரவைத்து, மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கத்துகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "வாசனை எப்பலருந்து தெரியல?" என்றார். தெரிகிறதே என்றேன். ஒரு டப்பாவில் காப்பித்தூளை மூக்குக்குக் கீழே பிடித்தார். காப்பித்தூள் என்று கண் சொன்னது. மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்த நோய் கைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே மூக்குக்கு வந்துவிடும் என்றார். உங்களுக்கே தெரியாமல் போயிருக்கும், மெதுவாகப் போகிறதல்லவா, கவனித்திருக்க மாட்டீர்கள். அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் மறுபடி அந்தச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு என் மூக்கு உயிரோடு இருந்ததா. இதை எத்தனையோ மத்தியானம் இதே நாற்காலியில் உட்கார்ந்து தேடியிருக்கிறேன். அப்பாவின் தலைமாட்டில் ஊதுபத்தி எரிந்தது. புகை தெரிகிறது, மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் நேராக ஏறி, மாட்டியிருந்த காலண்டர் பக்கம் வளைந்தது. சாம்பல் விழுந்தது தெரிகிறது. மணம் இல்லை. ரோஜா மாலை, ஈரமாக, இதழ் அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது, அதை நான்தான் எடுத்தேன். மணம் இல்லை. ஆனால் நினைவில் யாருக்குத்தான் மணம் வருகிறது. என் கல்யாணத்து மல்லிகையை நினைத்துப் பார்க்கிறேன், அதுவும் பூவாகத் தெரிகிறது, மணமாக இல்லை. அப்போது என் மூக்கு நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆக நினைவை வைத்து மூக்கைச் சோதிக்க முடியாது. மூக்கை வைத்து வனஜாவைச் சோதித்தேன், மூக்கே பொய்ச்சாட்சியாகப் போயிற்று. இருபத்தைந்து வருஷம் விசாரணை செய்தவன் தன் சாட்சியைச் சோதிக்கவில்லை. இதில் எனக்குக் கோபமோ வெட்கமோ வரவில்லை. ஈறு மரத்திருக்கும்போது பல்லைப் பிடுங்குகிற மாதிரி, இழுப்பது மட்டும் தெரிகிறது.

ஆனால் ஒன்று தெரிகிறது, அதைச் சொல்லாமல் இருப்பதில் அர்த்தமில்லை. வனஜா பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அப்பா அன்று கறி தின்றிருந்தால் கணக்கு நேராகிவிடும். வாசல் அடைபட்டது, மாத்திரை நின்றது, கால் நின்றது, விழுந்தார். அப்படியென்றால் நான் பகலில் ஒரு முட்டைகூடத் தொடாமல், மாத்திரைக்கும் சோற்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு, பிள்ளைகள் தட்டைப் பார்க்காமல் வாழ்கிற இந்த வாழ்க்கைக்கு ஒரு காவல் இருக்கிறது. நான் விழ மாட்டேன். அவள் சொல்வது நிஜமென்றால், வெறும் ரசஞ்சோறு தின்றவரும் விழுந்தார் என்றால், எனக்கும் ஒரு நாள் எல்லாம் சரியாகச் செய்த பிறகும் குளியலறை வாசலில் கால் ஒட்டும். ஆக என்னுடைய கால் நிற்பதற்கு என் தங்கை குற்றவாளியாக இருக்க வேண்டும். இந்தப் பேரத்தை மனசு எனக்குத் தெரியாமலே பேசி முடித்திருக்கிறது. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். சட்டை பொத்தான் போட்டுவிட்டு, ஷேவ் செய்துவிட்டு, ராத்திரி புரட்டிப் படுக்கவைத்து. நான் மாசம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போனவன். அவள் தலையில் அதை ஏற்றிவிட்டு நான் எழுந்து நடக்கப் பார்க்கிறேன். அல்லது அவள் தலையில் அது ஏற்கெனவே இருக்கிறதா, இத்தனை வருஷமாக, அந்த மூன்று வாக்கியங்களை மூடியாகப் போட்டு.

மிளகாய் எண்ணெயில் விழுந்த சத்தம். பூங்கொடி இருமுகிறாள். எனக்குக் கண் எரிகிறது, தண்ணீர் வழிகிறது. நெடி கண்ணுக்குத் தெரிகிறது, மணம் மூக்குக்குத் தெரியவில்லை, இரண்டும் வேறு வேறு நரம்பு. வழிகிறதைத் துடைக்கக் கையைத் தூக்கப் பார்க்கிறேன், கை மடியிலேயே தன் பாட்டுக்கு உரசிக்கொண்டிருக்கிறது. "ஏனுங்க, நெடி அடிக்குதா, உள் ரூமுக்குப் போறீங்களா?" என்று பூங்கொடி குரல் கொடுக்கிறாள். போக முடியாது என்று அவளுக்கும் தெரியும், பழக்கத்தில் கேட்கிறாள். "இருக்கட்டும்" என்கிறேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அது அப்பாவின் குரலும்தான், கடைசியில் அவர் பேசியதெல்லாம் பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரி இருக்கும். சமையலறையில் வனஜா, "தேங்காப் பல்லு கடைசில போடுங்க நங்கை, மொதல்லயே போட்டா கருகிப்போயிரும்" என்கிறாள். "உங்கண்ணனுக்கு ராத்திரிக்கு எடுத்து வெச்சிரலாம். பாவம், இப்பல்லாம் ருசியும் சரியாத் தெரியறதில்ல அவருக்கு. உப்பு, காரம், புளிப்பு மட்டும் தெரியும்ங்கறாரு. கோழியா காளானான்னு கண்ணத் தொறந்து பாத்தாத்தான் சொல்லுவாரு." வனஜாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அவளுக்கு இது தெரியாது என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. கைநடுக்கம் தெரியும், நடை தெரியும். மூக்கைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்.

வெளியே வருகிறாள். கையில் ஒன்றும் இல்லை, முந்தானையால் கையைத் துடைத்தபடி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருகிறாள். நரை கூடியிருக்கிறது. முந்தானை நுனியால் என் கண்ணைத் துடைத்துவிடுகிறாள், அப்பாவுக்குத் துடைத்துப் பழகிய கை, முதலில் இடது கண், பிறகு வலது. "அண்ணா, நங்கை சொல்றது நெசமா? வாசமே தெரியாதுங்களா?"

"தெரியாது."

"எப்பருந்து?"

"தெரியல. ரொம்ப வருஷமா இருக்கும். இந்த நோவுக்கு அதுதான் மொதல்ல போவுமாம்."

"எல்லாருக்குமா?"

"பெரும்பாலும்."

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உரசுகிற விரல்களின் மேல் தன் கையை வைக்கிறாள், அது அவள் கைக்குள்ளேயும் உரசுகிறது. அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிகிறது, நானும் அதையே போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரே தட்டை, அப்பாவின் கடைசித் தட்டைப் பார்த்துக்கொண்டு. எனக்கென்று தயாராக வைத்திருந்த கேள்வி ஒன்று உண்டு, பல வருஷமாக, நேரான விசாரணைக் கேள்வி, ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வாங்குகிற கேள்வி. அது இப்போது வாயருகில் வந்து நிற்கிறது. கேட்டால் அவள் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லுவாள். இல்லையென்றால் இங்கேயே, என் காலடியில் உடைந்துபோவாள், நான் குனிந்து பிடிக்கக்கூட முடியாது. இடது கால் கட்டைவிரலில் லேசாக ஒரு கதகதப்பு. மாத்திரை வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சத்தில் எழுந்துவிடுவேன், நடந்துபோய் ரசஞ்சோறு தின்பேன், பத்திரிகையை வாங்கிச் சாமி முன்னால் வைப்பேன், அவள் பஸ் ஏறிப் போய்விடுவாள், அவளும் அந்த வாக்கியங்களும். விழுவேனா மாட்டேனா என்பதை இவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பக்கமாகப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்கிறது. அவள் இன்னும் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என்னால் முடிந்த அளவு சத்தமாக, சமையலறைக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக, கேட்கிறேன்.

"அப்பாவுக்கு அன்னைக்குக் கறி ருசி தெரிஞ்சுதா, வனஜா?"